மண்ணின் பதம் பார்க்கும் ஓணான்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் வல்லம் பக்கம் மானாவாரியாக மல்லாட்டை போடுகிறவர்கள் இன்றைக்கும் அந்தக் கணக்கில்தான் வானத்தைப் பார்க்கிறார்கள். ஒரு நல்ல மழை பெய்ய வேண்டும். மறுநாள் மண்ணைக் கைப்பிடி எடுத்து அமுக்கினால் உருண்டையாக வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். அதே நிலத்தின் வேலியோரம், வேலிகாத்தான் தூரில் ஒட்டிக்கொண்டு தலையை ஆட்டும் ஓணானும் அந்தப் பதத்துக்குத்தான் காத்திருக்கிறது. விவசாயிக்குக் கையில் விதை, அதற்கு வயிற்றில் முட்டை.

ஓணானைப் பற்றி நம் ஊரில் வழங்கும் கதைகளெல்லாம் கடைசியில் அதன் தலையில் கல்லாக விழுகிற கதைகள். தாகத்தில் தவித்த ராமருக்கு அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். இதைக் கேட்ட பிள்ளைகள் தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். கோடை விடுமுறையில் இந்த வேட்டை மும்முரமாக நடக்கும். ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் செக்கச்செவேலென்று சிவந்து, எட்டத்திலிருந்தே கண்ணில் படுவதும் அப்போதுதான். அந்தச் சிவப்பைப் பார்த்து ஆங்கிலேயர்கள் அதற்கு 'பிளட் சக்கர்' என்று பெயர் வைத்தார்கள். அது யாருடைய ரத்தத்தையும் உறிஞ்சுவதில்லை. பெண்ணைக் கூப்பிடுகிறது, அடுத்த வேலியில் இருக்கும் ஆணை எச்சரிக்கிறது, அவ்வளவுதான். நாம் கல்லெடுக்கும் மாதமும் அது குடும்பம் தொடங்கும் மாதமும் ஒன்றாக அமைந்துவிட்டது அதன் போதாத காலம்.

வல்லம் பாலைவனம் இல்லை. ஆண்டு மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டருக்குக் குறையாத மாவட்டம் இது. ஆனால் அந்த மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். தை பிறந்தால் அடுத்த சில மாதங்களுக்குச் செம்மண்ணும் சரளையும் காய்ந்து வெடிக்கும். பிறகு ஆனி முதல் புரட்டாசி வரை சாயங்காலங்களில் இடியோடு வரும் வெப்பச்சலன மழை; இன்று இந்த ஊரில் பெய்தால் நாளை அடுத்த ஊரில். வறண்ட நிலத்து உயிர்களுக்கு மழையின் அளவைவிட அதன் ஒழுங்கின்மைதான் பெரிய சோதனை. எப்போது வரும் என்று தெரியாத நீரை நம்பி முட்டையிடுவது எப்படி?

இந்தப் பகுதிக்கும் ஓணான் வகை அறிவியலுக்கும் பழைய உறவு உண்டு. தொண்டையில் விசிறி போல விரியும் தோலுடன் பொட்டல் காடுகளில் இரண்டு காலில் ஓடும் சின்ன ஓணானைப் பார்த்திருப்பீர்கள். 1829-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே அதற்கு 'சிட்டானா பாண்டிசெரியானா' என்று பெயரிட்டார். பக்கத்துப் புதுச்சேரிதான் அந்தப் பெயரில் இருக்கிறது. 2016-இல் தமிழ்நாட்டிலிருந்து அதன் உறவினங்கள் இரண்டு புதிதாக விவரிக்கப்பட்டன. ஒன்றுக்கு 'விசிறி', மற்றொன்றுக்கு 'மருதம்நெய்தல்' என்று தமிழிலேயே பெயர் வைத்தார்கள். இப்படிப் பெயர் வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு பெண் ஓணான் முட்டை வைப்பதற்கு முன் அதன் உடலுக்குள் ஒரு நீண்ட தயாரிப்பு நடக்கிறது. குளிர்நாட்டுப் பிராணிகளுக்குப் பகல் நீளுவதே பெரிய அறிவிப்பு. நம் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. ஆகவே பகலின் நீளத்தை மட்டும் நம்பாமல், வெப்பம், ஈரம், இரை என்று பலவற்றையும் சேர்த்தே உடல் கணக்குப் போடுகிறது. வெயில் ஏற ஏற மூளையடிச் சுரப்பி விழித்துக்கொண்டு விரைகளையும் சூலகங்களையும் தூண்டும். ஆணில் டெஸ்டோஸ்டிரோன் ஏறினால் நிறமும் சண்டையும் வரும். பெண்ணில் ஈஸ்ட்ரடயால் ஏறினால் கல்லீரல் மஞ்சட்கருவுக்கான புரதத்தைச் செய்து ரத்தத்தில் அனுப்பும். சூலகம் அதை வாங்கி முட்டைகளில் நிரப்பும்.

அதற்கு முதல் எங்கிருந்து வருகிறது? வயிற்றின் அடியில் இரண்டு கொழுப்புத் திட்டுகள் இருக்கின்றன. நல்ல காலத்தில் தின்ற ஈசலும் வெட்டுக்கிளியும் எறும்பும் அங்கே கொழுப்பாகச் சேர்ந்திருக்கும். முட்டை வளர வளர இந்தத் திட்டுகள் சுருங்கும். ஓணான் குஞ்சுக்குப் பாலூட்டுவதில்லை, முட்டையை அடைகாப்பதும் இல்லை. தாய் தரப்போகும் சீதனம் முழுவதையும் முட்டைக்குள்ளேயே கட்டிக் கொடுத்துவிட வேண்டும். போன மழைக்காலத்தில் பூச்சி குறைவாக இருந்தால் இந்தக் கோடையில் முட்டையும் குறையும். அமெரிக்காவின் மொஹாவே பாலையில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். அங்கே செடி தின்னும் 'சக்வாலா' என்ற பெரிய பல்லியினம் கடும் வறட்சி ஆண்டுகளில் முட்டையிடுவதையே விட்டுவிடுகிறது. அதே நாட்டின் பாலைகளில் வாழும் சிறிய 'யூட்டா' பல்லி குளிர்கால மழை நன்றாக இருந்த ஆண்டில் பல ஈடு முட்டையிடும், மழை பொய்த்தால் ஈடுகளைக் குறைத்துக்கொள்ளும்.

நம் தோட்டத்து ஓணானைப் பற்றி மிக விரிவான ஆய்வு நடந்த இடம் தார்வாடில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழகம். சைதாபுர், ஷான்பாக், ராட்டர் ஆகியோர் அங்கே ஆண்டுக்கணக்கில் ஓணானின் முட்டைகளோடு வாழ்ந்தார்கள் என்றே சொல்லலாம். அங்கே இனப்பெருக்கக் காலம் மே முதல் அக்டோபர் வரை. ஓர் ஈட்டில் பத்து, இருபது முட்டைகள். பெரிய தாய் என்றால் முப்பதைக்கூட ஒட்டும். 2000-இல் அவர்கள் வெளியிட்ட ஒரு முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஓர் ஈட்டின் மொத்த எடையைத் தீர்மானிப்பது தாயின் உடல் அளவு. ஆனால் அந்த எடையை எத்தனை முட்டையாகப் பங்கு போடுவது, ஒவ்வொன்றையும் எவ்வளவு பெரிதாக்குவது என்பதைப் பருவத்தின் எந்தக் கட்டத்தில் முட்டையிடுகிறாள் என்பது தீர்மானிக்கிறது. கையிருப்பு உடம்பைப் பொறுத்தது, செலவு காலத்தைப் பொறுத்தது.

பெண்ணின் முட்டைக்குழாயில் விந்தணுக்களைச் சேமித்து வைக்கும் பைகள்கூட உண்டு. ஒருமுறை கூடிய பிறகு, அடுத்த ஈட்டுக்கு ஆண் கிடைக்காவிட்டாலும் வேலை நிற்காது. சிதறி வாழும், ஒவ்வொரு நடையிலும் வல்லூறிடமோ சாரையிடமோ சிக்கக்கூடிய பிராணிக்கு இது சின்ன வசதி இல்லை.

இவ்வளவு தயாரான பிறகும் கடைசிக் கையெழுத்து மண்ணுடையது. காரணம் முட்டையின் ஓடு. கோழி முட்டை தனக்கு வேண்டிய நீர் முழுவதையும் உள்ளேயே வைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஓணானின் முட்டை அப்படியில்லை. அதன் ஓடு மெல்லிய, தோல் போன்ற ஒன்று. உள்ளே மஞ்சட்கரு நிறைய இருக்கும், நீர் போதாது. மண்ணில் கிடக்கும் வாரங்களில் அது சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சி ஊதிப் பெருத்து, ஏறத்தாழ இரு மடங்கு எடையாகிறது. மண் காய்ந்திருந்தால் நடப்பது நேர்மாறு: மண் முட்டையிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓட்டில் குழி விழும், கரு மடியும். தப்பிப் பிழைத்தாலும் குஞ்சு சிறுத்துப் பிறக்கும், மஞ்சட்கருவில் ஒரு பகுதி செரிக்காமல் மிஞ்சும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. மண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அந்த நீரை மண் எவ்வளவு இறுகப் பிடித்து வைத்திருக்கிறது என்பதே முட்டைக்கு முக்கியம். மணல் கலந்த செம்மண்ணில் குறைந்த ஈரமே இருந்தாலும் முட்டையால் அதை எளிதாக இழுத்துக்கொள்ள முடியும். களிமண்ணில் அதே அளவு ஈரம் இருந்தால் களி அதை விடாது. அதோடு நனைந்த களியில் காற்றுப் புகாது, கருவுக்கு மூச்சு முட்டும். ஆகவே வரப்போரத்துச் செம்மண், வேலியடியில் சருகு மக்கிப் பொலபொலவென்று இருக்கும் மண், புதிதாகக் கொத்திய தோட்டப் பாத்தி இவையெல்லாம் ஓணானுக்குப் பிடித்த பிரசவ அறைகள். மழை பெய்த மறுநாளோ அதற்கு மறுநாளோ பெண் இறங்கி வந்து முன்னங்கால்களால் குழி பறிக்கும். பிடிக்காவிட்டால் பாதியில் விட்டுவிட்டு வேறு இடம் போகும். முட்டைகளை வைத்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடி, மூக்கு நுனியால் இடித்து இடித்துக் கெட்டிப்படுத்தும். வேலை முடிந்தபின் அங்கே குழி இருந்ததே தெரியாது. வேலிக்கு ஓணான் சாட்சி என்று ஏளனமாகச் சொல்கிறோமே, வேலியடி மண்ணின் நலத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சரி, மழையே வரவில்லை, வயிற்றில் முட்டை முற்றிவிட்டது. என்ன செய்யும்? பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு தமிழரின் வேலை உதவியது. முத்துக்கருப்பனும் அவரோடு உழைத்தவர்களும் 1970-இல் ஓணான் கருவின் வளர்ச்சியை முதல் நாளிலிருந்து பொரிக்கும் நாள் வரை 42 நிலைகளாகப் பகுத்து வெளியிட்டார்கள். ஓணான் கருவைத் தொடும் எந்த ஆய்வாளரும் இன்றும் அந்த அட்டவணையை வைத்துத்தான் பேசுகிறார். தார்வாட் குழு 1998-இல் இதை அளவுகோலாக வைத்து ஒன்றைக் காட்டியது. அடைப்பில் இருந்த, முட்டையை வெளியே விடாமல் நெடுநாள் தாங்கிக்கொண்டிருந்த பெண்களின் வயிற்றில் கருக்கள் தொடர்ந்து வளரவில்லை. 34-ஆம் நிலையில் நின்றுவிட்டன. முட்டைக்குழாய்க்குள் அதற்கு மேல் வளரும் கருவுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காது என்பது இதற்குச் சொல்லப்படும் முதன்மையான விளக்கம். தாயால் காத்திருக்க முடியும், ஆனால் குட்டி போடும் அளவுக்குக் காத்திருக்க முடியாது. உலகில் பல பல்லியினங்கள் முட்டையிடுவதிலிருந்து குட்டி போடுவதற்கு மாறியிருக்கின்றன. அவை பெரும்பாலும் குளிர்நாடுகளில், மலை உயரங்களில் மாறின. அங்கே மண் குளிர்ந்து கிடக்கும், தாயின் வெயில் காய்ந்த வயிறே நல்ல கூடு. நம் வறண்ட நிலத்தில் மண்ணுக்கு வெப்பப் பஞ்சமே இல்லை. ஓணானுக்கு மாற வேண்டிய நிர்ப்பந்தம் வரவில்லை.

காத்திருப்பதற்கு விலையும் உண்டு. முட்டை சுமந்த பெண் மெதுவாக ஓடும், இரை தேடுவது குறையும், காக்கைக்கும் கீரிக்கும் எளிதில் அகப்படும். இந்தப் பருவத்து மழையைத் தவறவிட்டால் அடுத்த ஈட்டுக்கு நாளிருக்காது.

நாளிருக்காது என்றால் எதற்கு முன்? ஐப்பசி அடைமழைக்கு முன். முட்டை பொரிக்க வெப்பத்தைப் பொறுத்து ஆறேழு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகும். ஆடியில் வைத்தது புரட்டாசிக்குள் பொரித்து, மழைக்காலப் பூச்சிகளைத் தின்று தேறிவிடும். தாமதமாக வைத்தது வெள்ளத்தில் மாட்டும். ஈரம் வேண்டும் என்று சொன்னேன். ஆனால் நீரில் மூழ்கினால் ஓட்டின் வழியே காற்று போகாது, கரு மூச்சடைத்துச் சாகும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. அப்போது மண்ணுக்குள் இருந்த எந்த முட்டைக்கும் அது நல்ல நாளாக இருந்திருக்காது. காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே இருக்கிற அந்தச் சில மாதச் சந்தில்தான் ஓணானின் ஆண்டு முழுவதும் அடங்கியிருக்கிறது.

எல்லா வகைகளும் இதே வழியில் போகவில்லை. வீட்டுச் சுவரின் பல்லி இரண்டே இரண்டு முட்டைதான் வைக்கும். வைக்கும்போது மென்மையாக இருக்கும் முட்டை காற்றுப் பட்டதும் சுண்ணாம்பு ஓடாக இறுகிவிடும். நீர் வெளியே போகாது, உள்ளே வரவும் வேண்டியதில்லை. அதனால்தான் சுவிட்ச் பெட்டிக்குப் பின்னாலும் படச் சட்டத்துக்குப் பின்னாலும் அதனால் பிள்ளை பெற முடிகிறது. மண்ணின் பதத்தைப் பற்றிக் கவலையில்லாத சுதந்திரம் அது. ஆனால் எண்ணிக்கை இரண்டோடு நிற்கிறது. உடும்பு இன்னொரு வழியைக் கண்டுபிடித்தது. கரையான் புற்றைத் தோண்டி உள்ளே முட்டை வைக்கும். புற்றுக்குள் வெப்பமும் ஈரமும் அதிகம் ஏறி இறங்காமல் கரையான்கள் பார்த்துக்கொள்கின்றன. உடும்புக் குஞ்சு பொரிக்க ஆறேழு மாதம் ஆகலாம். அவ்வளவு நாள் வெறும் மண்ணை நம்ப முடியாது. ஒரு புற்றை இடித்துத் தள்ளுகிறவர் கரையானை மட்டும் அழிப்பதில்லை. உடும்போ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பிராணி.

செஞ்சிக் கோட்டை போன்ற கருங்கல் குன்றுகளுக்கு உரிய பாறை ஓணானில் ஆணின் வேஷம் இன்னும் பலமானது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அனுராதா பட்டப்யாலும் மரியா தாக்கரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெண்ணைக் கண்டால் அதன் முதுகுப் பட்டை சிவந்து விலா கறுக்கும். போட்டி ஆணைக் கண்டால் முதுகு மஞ்சளாகவும் விலா ஆரஞ்சாகவும் மாறும். எல்லாம் சில நொடிகளில். காதலுக்கு ஒரு சட்டை, சண்டைக்கு ஒரு சட்டை.

வெப்பத்தின் இன்னொரு விளையாட்டைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. ஓணானில் ஆணா பெண்ணா என்பதைப் பிரித்துக் காட்டும் குரோமோசோம் எதுவும் கண்ணுக்குத் தென்படவில்லை. தார்வாடைச் சேர்ந்த இனாம்தாரும் இந்திய அறிவியல் கழகத்தின் சேஷகிரியும் உடன் உழைத்தோரும் 2012-இல் சொன்ன முடிவு வியப்பானது. முட்டையை ஏறத்தாழ 24.5 பாகை செல்சியஸில் வைத்தால் பெண். 28.5-இல் ஆண். 31.5-இல் மறுபடி பெண். 34-இல் மறுபடி ஆண். ஆமை, முதலைகளில் வெப்பம் பாலைத் தீர்மானிப்பது தெரிந்த செய்திதான். இப்படி நான்கு படியாக மாறி மாறி வருவது புதுவகை என்று அவர்கள் கருதினார்கள். ஆய்வகப் பெட்டியில் வெப்பம் ஆடாமல் நிற்கும், வரப்பு மண்ணில் பகலும் இரவும் மாறி மாறி ஆடும். ஆகவே இந்த எண்களை வல்லத்து வேலியடிக்கு அப்படியே தூக்கி வந்து பொருத்துவது சரியாகாது. ஆனால் நிழல் தந்த வேலியை வெட்டினால் அடியில் இருக்கும் முட்டையின் தலைவிதியே மாறலாம் என்பது இதிலிருந்து புரிகிறது.

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் வாழும் தாடி ஓணான் நம் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதற்குப் பால் குரோமோசோம் உண்டு. இருந்தும் கூடு 32 பாகைக்கு மேல் சூடானால், குரோமோசோம்படி ஆணாக வேண்டிய கரு பெண்ணாகப் பிறக்கிறது. 2015-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, இயற்கையில் இப்படி மாறிய பெண்கள் வாழ்வதையும், அவை மற்றப் பெண்களைவிட அதிக முட்டை வைப்பதையும் காட்டியது. நல்லதுதானே என்று தோன்றலாம். வெப்பம் ஏறிக்கொண்டே போனால் பெண் குரோமோசோமே அந்தக் கூட்டத்திலிருந்து மறைந்துவிடும். பிறகு பாலைத் தீர்மானிக்கிற பொறுப்பு முழுவதும் வானிலையின் கையில்.

2010-இல் பாரி சினெர்வோவும் உலகெங்கிலுமிருந்து பலரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு மெக்சிகோவின் முட்பல்லிகளைப் பற்றியது. முன்பு கணக்கெடுத்த 200 இடங்களுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தபோது 12 விழுக்காடு இடங்களில் அவை அற்றுப்போயிருந்தன. வெயிலில் கருகி அவை சாகவில்லை. இனப்பெருக்கப் பருவத்தில் வெயில் கடுமையாகி, பொந்துக்குள் ஒடுங்க வேண்டிய மணி நேரம் கூடியது. இரை தேட நேரம் குறைந்தது. முட்டைக்குச் சேர்க்க வேண்டிய கொழுப்பு சேரவில்லை. பட்டினியும் வெப்பமும் இந்த இடத்தில் ஒன்றாகின்றன.

நம் பக்கத்துக்குத் திரும்பினால், மெக்சிகோ அளவுக்குப் போக வேண்டியதில்லை. வெட்டவெளிச் செம்மண்ணின் மேற்பரப்பு சித்திரை நண்பகலில் 50 பாகையைத் தாண்டும். ஒரு கிளுவை வேலியின் நிழலில், சருகுக்கு அடியில், அது எவ்வளவோ குறைவு. இந்த வித்தியாசம்தான் ஓணானின் சொத்து. கிளுவையும் காரையும் கள்ளியும் கலந்த உயிர்வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுக்கிறோம். வரப்பில் புல் தெரியாமல் களைக்கொல்லி அடிக்கிறோம். புல் போனால் பூச்சி போகும், சருகு போகும், சருகு பிடித்து வைத்திருந்த ஈரமும் போகும். ஜேசிபி வந்து வரப்பை ஒரே மணி நேரத்தில் நேராக்கிவிட்டுப் போகிறது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் புதிதாக எழும் வீடுகளைச் சுற்றிப் பேவர் பிளாக் பதித்த முற்றத்தில் ஓர் ஓணான் எத்தனை குழி பறிக்க முடியும்? நிலத்தை நேர்த்தியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் மல்லாட்டைப் பயிரின் புழுவையும் வெட்டுக்கிளியையும் கூலியில்லாமல் தின்கிற பிராணிக்கு இரண்டு முழ அகலம் கலைக்காத மண் கேட்பது பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை.

நிலத்தில் வேலியோரம் ஒரு பட்டையை ஆனி முதல் புரட்டாசி வரை உழாமல், மருந்தடிக்காமல் விட்டுவையுங்கள். கொத்தும்போது, விரல் நுனி அளவில் நீள்வட்டமான வெள்ளை முட்டைகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டால் பாம்பு முட்டை என்று பயந்து நசுக்க வேண்டாம். இருந்த நிலையிலேயே, மேல் கீழ் மாறாமல், கரண்டியால் மண்ணோடு எடுத்து, அரைநிழலில், கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கும் ஆனால் தண்ணீர் சொட்டாத மண்ணில் நான்கைந்து விரற்கடை ஆழத்தில் வைத்து மூடிவிடுங்கள்.